கேட்காமல் விட்ட கேள்வி

பெங்களூரில் பழைய மெட்ராஸ் ரோட்டையும் பழைய விமான நிலைய ரோட்டையும் இணைக்கும் சாலைக்குச் சுரஞ்சன் தாஸ் ரோடு என்று பெயர். அல்சூரிலிருந்தும் முருகேஷ்பாளையாவிலிருந்தும் விமானபுராவுக்கு வேலைக்குப் போகும் தமிழர்கள் அந்தப் பெயரை வருஷக்கணக்கில் சொல்லி வருகிறார்கள். கண்டக்டர் அதை ஒரே சொல்லாகச் சேர்த்துக் கூவுகிறார். யார் அந்தச் சுரஞ்சன் தாஸ் என்று பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால், யாரோ பழைய மந்திரியாக இருக்கும் என்பார். இல்லாவிட்டால் வங்காளத் தியாகி ஒருவர் என்பார்.

மந்திரியும் இல்லை, சிறை சென்ற தியாகியும் இல்லை. அவர் விமானப் படையின் குரூப் கேப்டன், எச்.ஏ.எல். தொழிற்சாலையின் தலைமைச் சோதனை விமானி. 1970-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் தேதி, பெங்களூர் விமான தளத்திலிருந்து ஒரு சோதனை விமானத்தை மேலே கிளப்பும்போதே அது விழுந்து உயிர் நீத்தார். அவருடைய தந்தை சுதி ரஞ்சன் தாஸ் இந்தியாவின் தலைமை நீதிபதியாக இருந்தவர். வேறு சுகமான வழி எத்தனையோ திறந்திருந்த வீட்டுப் பிள்ளை, தினமும் காலையில் எழுந்து இதுவரை யாரும் ஓட்டிப் பார்க்காத விமானத்தில் ஏறி உட்காரும் வேலையைத் தேர்ந்தெடுத்தார்.

சோதனை விமானி என்றதும் சினிமாவில் வரும் வீரதீரச் செயல்கள் ஞாபகம் வரும். உண்மையில் அது பெரும்பாலும் குமாஸ்தா வேலை மாதிரியானது. இன்ன உயரம், இன்ன வேகம், இன்ன கைப்பிடியை இத்தனை தூரம் இழுக்க வேண்டும், அப்போது ஊசி எங்கே நிற்கிறது என்று எழுத வேண்டும். எல்லாம் முதல் நாளே ஒரு அட்டையில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். அட்டையில் இல்லாததை விமானி செய்யக் கூடாது. அட்டையில் இருப்பது தப்பாக இருந்தால்? அங்கேதான் இந்தக் கட்டுரையின் விஷயம் இருக்கிறது.

தாஸ் ஓட்டியது எச்.எஃப்.-24 மாருத் வகை விமானம். இரண்டாம் உலகப் போரில் பேர் பெற்ற ஃபோக்கே உல்ஃப் 190 போர் விமானத்தை வடிவமைத்த ஜெர்மன் நிபுணர் கர்ட் டாங்க், 1956-ல் பெங்களூருக்கு வந்து வடிவமைத்த விமானம் அது. எடுத்த எடுப்பில் யாரும் உலோகத்தில் கை வைக்கவில்லை. எஞ்சின் இல்லாத மர மாதிரி ஒன்றை முழு அளவில் செய்து, 1959-ல் இன்னொரு விமானத்தால் இழுத்துச் சென்று மேலே விட்டுப் பார்த்தார்கள். அந்த மரவேலையைச் செய்த ஆசாரிகளின் பெயர்களை இன்று எந்த அருங்காட்சியகப் பலகையிலும் தேட வேண்டியதில்லை; கிடைக்காது. 1961 ஜூன் மாதம் மாருத் விமானத்தை முதல் முதலாகப் பறக்கவிட்டவர் தாஸ்தான்.

விமானம் நல்ல விமானம். ஆனால் அதற்கு ஏற்ற எஞ்சின் கிடைக்கவில்லை. ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறக்க வேண்டும் என்று வரைந்த விமானத்துக்குப் பிரிட்டனின் ஆர்ஃபியஸ் எஞ்சினில் வலுக் கூட்டிய ஒரு புது வகை தேவைப்பட்டது. அதை உருவாக்கி முடிக்கப் பணம் போட டில்லி முன்வரவில்லை. கிடைத்த சிறிய எஞ்சினைக் கொண்டே காலம் தள்ளினார்கள். எகிப்து செய்துகொண்டிருந்த ஒரு எஞ்சினைக்கூட மாட்டிப் பார்த்தார்கள். வெளியேறும் புகையில் மறுபடி எரிபொருள் பாய்ச்சி உந்து சக்தியைக் கூட்டும் ‘ரீஹீட்’ முறையும் அந்தக் குறையை ஈடுகட்டத் தேடிய வழிகளில் ஒன்று. தாஸ் உயிரிழந்த விமானம் அந்த ரீஹீட் எஞ்சின் பொருத்திய மாதிரிதான். டில்லியில் ஒரு கோப்பில் மிச்சம் பிடித்த பணத்தின் சுமை, கடைசியில் பெங்களூர் ஓடுதளத்தில் ஒரு சோதனை விமானியின் தோளில் வந்து உட்கார்ந்தது. விபத்துக்கு அதுதான் நேர்க் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் அந்த எஞ்சின் வந்திருந்தால் அந்தச் சோதனைக்கே அவசியம் வந்திருக்காது.

சேஷகிரிஹள்ளியில் நடந்தது

தாஸ் மறைந்து முப்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் நடந்த இன்னொரு விபத்தில் காரணங்கள் இதைவிடத் தெளிவாக எழுத்தில் இருக்கின்றன. 2009 மார்ச் 6-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. பிற்பகல் 3 மணியை ஒட்டி எச்.ஏ.எல். விமான தளத்திலிருந்து ‘சரஸ்’ என்ற சிறிய விமானம் கிளம்பியது. முக்கால் மணி நேரத்துக்குள் அது மைசூர் ரோட்டில் பிடதிக்கு அருகே சேஷகிரிஹள்ளி கிராமத்தில் விழுந்து எரிந்தது. உள்ளே இருந்த மூவரும் மாண்டனர்: விங் கமாண்டர் பிரவீண் கோட்டேகொப்பா, விங் கமாண்டர் தீபேஷ் ஷா, ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜா. மூவரும் விமானப் படையின் சோதனைப் பிரிவைச் சேர்ந்தவர்கள். முதல் இருவர் விமானிகள். மூன்றாமவர் சோதனைப் பொறியாளர். பின்னால் உட்கார்ந்து எண்களைக் கவனித்துக் குறித்துக்கொள்கிறவர். மறுநாள் நாளேட்டில் அந்த மூன்றாவது பெயரைப் படித்த பெங்களூர்த் தமிழர்கள் பலர் டீக்கடையில் ஒரு கணம் பேச்சை நிறுத்தியிருப்பார்கள்.

சரஸ், தேசிய விமானவியல் ஆய்வுக்கூடமான என்.ஏ.எல். வடிவமைத்த விமானம். பதினான்கு பேர் அமரலாம். புரொப்பல்லர்கள் சாதாரணமாக இறக்கையில் முன்பக்கம் இருக்கும்; சரஸ் விமானத்திலோ வால் பக்கத்தில் இருந்து முன்னே தள்ளும். சிறு ஊர்களுக்குப் போய்வர உள்நாட்டிலேயே ஒரு விமானம் வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் பிறந்த திட்டம். பிறந்த நாளிலிருந்தே அதற்குக் கஷ்ட காலம். கூட்டுச் சேர்ந்த ரஷ்ய நிறுவனம் பண நெருக்கடியால் விலகிக்கொண்டது. 1998-ல் பொக்ரான் அணு வெடிப்புக்குப் பின் அமெரிக்கா விதித்த தடையால் சாமான்கள் வருவது தடைப்பட்டது. முதல் மாதிரி 2004 மே 29-ஆம் தேதி பறந்தது. பறந்த பிறகுதான் எடை நினைத்ததற்கு மேல் 900 கிலோவுக்கும் அதிகம் என்ற பேச்சு பெரிதாயிற்று. 2007-ல் பறந்த இரண்டாவது மாதிரியில் இலகுவான பொருட்களைச் சேர்த்து, வலுவான எஞ்சின்களைப் பொருத்தினார்கள். சேஷகிரிஹள்ளியில் விழுந்தது இந்த இரண்டாவது விமானம்தான்.

அன்றைய அட்டையில் இருந்த சோதனையின் சாரம் இது. பறந்துகொண்டிருக்கும்போதே ஒரு எஞ்சினை அணைக்க வேண்டும். பிறகு அங்கேயே அதை மறுபடி எரிய வைக்க வேண்டும். கேட்பதற்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் இது இல்லாமல் எந்த விமானத்துக்கும் பயணிகளை ஏற்றிச் செல்ல அனுமதிச் சீட்டுக் கிடைக்காது. என்றாவது ஒரு நாள், பயணிகள் இருக்கும்போது, எஞ்சின் தானாக அணையலாம். அப்போது விமானி என்ன செய்ய வேண்டும் என்பதை யாராவது முன்கூட்டியே செய்து பார்த்திருக்க வேண்டும் அல்லவா?

இதில் சிக்கல் எஞ்சினைவிடப் புரொப்பல்லரில் அதிகம். மேஜை விசிறியின் இலைகளை நினைத்துக்கொண்டால் போதும். எஞ்சின் அணைந்தவுடன் அந்த இலைகளைக் கத்தி மாதிரி விளிம்பு காற்றுக்கு எதிரே நிற்கும்படித் திருப்பிவிட வேண்டும்; அப்போது காற்று உரசாமல் போய்விடும். மறுபடி எரிய வைக்கும்போது இலைகள் படிப்படியாகத் திரும்பி வர வேண்டும். இந்த வரிசை தப்பி, சக்தி வருமுன்னே இலைகள் தட்டையாகக் காற்றை எதிர்த்து நின்றால் அது விசிறியாக இல்லாமல் பிரேக்காகிவிடும். ஒரு பக்கம் எஞ்சின் தள்ள, மறு பக்கம் பிரேக் பிடிக்க, விமானம் பக்கவாட்டில் சுழலப் பார்க்கும். வேகமும் குறையும், உயரமும் குறையும். ஆகவே எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது, எவ்வளவு உயரத்தில் செய்வது என்பது மிக முக்கியம்.

அன்று அந்தச் சோதனைக்கு ஏறிய உயரம் 9,000 அடி. கணக்கு கடல் மட்டத்திலிருந்து. பெங்களூர்ப் பீடபூமியே கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 அடி மேலே இருப்பதால், காலடியில் மிச்சம் இருந்தது 6,000 அடி சொச்சம்தான்.

அறிக்கை சொல்வது

சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விசாரித்து அறிக்கை வெளியிட்டது. அதன் முடிவைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: எஞ்சினை மறுபடி எரிய வைக்க வடிவமைப்பாளர் வகுத்த முறையே தவறானது, அதைப் போதாத உயரத்தில் விமானிகள் கையாண்டதால் விமானம் வேகமாக உயரம் இழந்து, வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டு விபத்துக்குள்ளானது. உடன் சேர்ந்த காரணங்களும் சொல்லப்பட்டுள்ளன. விமானிகளுக்குள் ஒருங்கிணைப்புக் குறைவு. கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கையாண்ட விதம். முதல் முயற்சி தோற்றதும் தரையிலிருந்த சோதனை இயக்குநரோடு பேசிச் சோதனையை நிறுத்தித் திரும்பாமல் போனது. இன்னொன்றும் இருக்கிறது. புரொப்பல்லர் செய்த கம்பெனியைக் கேட்காமலே என்.ஏ.எல். இந்த முறையை வகுத்தது.

இந்தக் கடைசி வாக்கியத்தை ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் படித்தால் அவருக்கு விளங்கும் விதமே வேறு. நூற்றுக்கணக்கான கோப்புகள், ஆயிரக்கணக்கான கடிதங்கள், ஒவ்வொன்றுக்கும் டெஸ்பாட்ச் நம்பர். டீத்தூள் வாங்கக்கூட மூன்று கொட்டேஷன் கேட்கும் சர்க்கார் அலுவலகச் சம்பிரதாயம். அவ்வளவு எழுத்துக்கும் நடுவே, ‘உங்கள் புரொப்பல்லரை வானத்தில் நிறுத்தி மறுபடி சுழல விடப் போகிறோம், இந்த முறை சரியா?’ என்று அதைச் செய்தவனைக் கலந்துகொள்ளவில்லை. கோடிக்கணக்கில் செலவழித்த திட்டத்தில் ஒரு தபால் செலவு மிச்சம்!

ஏன் இப்படி ஆகிறது? விஞ்ஞானிகளுக்கு அறிவு போதவில்லை என்று சொல்லிவிட முடியாது. சரஸ் மாதிரி ஒன்றை வரைந்து, செய்து, பறக்கவிட்டவர்கள் சாமானியர்கள் அல்ல. வெளியாரைக் கேட்டால் தமக்குத் தெரியாது என்று ஆகிவிடுமோ என்ற கூச்சம் படித்தவர்களுக்கு எப்போதும் உண்டு. பதில் வர ஒரு மாதம் ஆகும், அதற்குள் தேதி தள்ளிப் போகும் என்ற அவசரமும் உண்டு. ஏற்கெனவே வருஷங்கள் பிந்திப்போன திட்டத்தில் இன்னும் ஒரு மாதம் என்றால் பார்லிமெண்டில் கேள்வி வரும், பத்திரிகையில் கேலி வரும். எந்தக் கூச்சம், எந்த அவசரம் அன்று வேலை செய்தது என்று அறிக்கையிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. எந்தத் தொழிற்சாலையிலும் இரண்டும் உலவுகின்றன என்பதை வேலை செய்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விமானிகளின் பேரில் அறிக்கை வைத்த குறைகளையும் மறைப்பதற்கில்லை. முதல் முயற்சி தோற்றதும் திரும்பியிருக்க வேண்டும் என்பது சரியான வாதம்தான். ஆனால் அந்த இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பார்க்க வேண்டும். அட்டையில் உள்ள வேலை முடியவில்லை. கீழே ஒரு கூட்டமே காத்திருக்கிறது. இன்னும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தோன்றுவது மனித இயல்பு. லேத்தில் நிற்கும் தொழிலாளிக்கு இது தெரியாதா? மெஷினில் ஏதோ சத்தம் கேட்கிறது. ஷிப்டு முடிய அரைமணி இருக்கிறது. கணக்குக்கு இன்னும் நாலு உருப்படி பாக்கி. நிறுத்துகிறவன் சோம்பேறி என்றும் ஓட்டுகிறவன் கெட்டிக்காரன் என்றும் பெயர் வாங்கும் இடத்தில், நிறுத்துவதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும். சோதனையைப் பாதியில் விட்டுத் திரும்பி வரும் விமானியைத் தட்டிக்கொடுத்து டீ வாங்கித் தருகிற மேலதிகாரி இருந்தால்தான் அந்தத் துணிச்சல் வரும். இறந்துபோன மூவரின் தலையில் எல்லாப் பழியையும் சுமத்தாமல், வடிவமைப்பாளரின் முறையை முதல் காரணமாக அந்த அறிக்கை எழுதியது பாராட்டத் தக்கது. இறந்தவர்கள் வந்து பதில் சொல்லப் போவதில்லை என்பதால் அவர்கள் மேல் போட்டுவிட்டுக் கோப்பை மூடுவது உலகெங்கும் நடக்கிற வழக்கம்.

வாங்கினால் போதாதா?

இப்படி ஒரு விபத்து நடந்தால் உடனே ஒரு குரல் எழும். எதற்கு இந்த வீண் வேலை, வெளிநாட்டில் நல்ல விமானம் விற்கிறார்களே, வாங்கிவிட்டால் என்ன? இந்தக் குரலில் ஒரு நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் விற்பனைக்கு வருகிற ஒவ்வொரு விமானத்துக்குப் பின்னாலும் இன்னொரு நாட்டுச் சோதனை விமானிகள் இருக்கிறார்கள். பிரிட்டனில் டி ஹாவிலாண்ட் என்ற பெரிய விமானக் கம்பெனி இருந்தது. அதை ஆரம்பித்தவரின் மகன்கள் இருவர் அந்தக் கம்பெனியின் விமானங்களைச் சோதிக்கும்போதே மாண்டார்கள். ஜான் 1943-ல், ஜெஃப்ரி 1946-ல். முதலாளி வீட்டுப் பிள்ளைகள்! பிறகு அந்தக் கம்பெனியின் விமானங்கள் உலகம் முழுதும் விற்றன, இந்தியாவும் வாங்கியது. வாங்குகிற நாடு பணம் மட்டும் கொடுக்கிறது. வேறு யாரோ ஏற்கெனவே உயிரையும் கொடுத்திருக்கிறார்கள்.

அதைவிட நடைமுறையான காரணம் ஒன்று உண்டு. செய்யத் தெரியாதவன் கையில் விற்கிறவன் கொடுப்பதுதான் விமானம், அவன் சொல்வதுதான் விலை, அவன் தடை போட்டால் உதிரி சாமானும் வராது. 1998-ஐ ஒரு தடவை நினைத்துக்கொண்டால் போதும். தவிரவும், செய்கிற வேலை நின்றால் முதலில் நிற்பது யார்? விமானபுராவைச் சுற்றியுள்ள சின்னச் சின்னப் பட்டறைகளில் பித்தளைப் புஷ்ஷும் அலுமினியத் தகடும் வெட்டுகிற கைகள்தான். அந்தக் கைகளில் தமிழ்க் கைகள் எத்தனை என்று பீன்யா வரையில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மாருத் கதை இதற்குச் சாட்சி. சிறிய எஞ்சினோடு, தாஸ் அவர்களை இழந்த பிறகும், அந்த விமானம் 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் வேலை செய்தது. மொத்தம் 147 விமானங்கள் செய்யப்பட்டு, 1990 வரையில் பறந்தன. ஆனால் அதை வளர்த்து அடுத்த விமானத்தைச் செய்யும் வேலை தொடரவில்லை. கற்ற கைகள் ஓய்வு பெற்றுப் போன பிறகு தேஜஸ் விமானத்துக்கு மறுபடி அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டி வந்தது.

சரஸ் விஷயத்திலும் விபத்தைவிட அதன் பிறகு வந்த மௌனம் நீண்டது. பணம் நின்றது, திட்டம் கிடப்பில் போயிற்று. 2018 ஜனவரி 24-ஆம் தேதிதான், பழைய முதல் மாதிரியைத் திருத்திச் சீரமைத்து மறுபடி பறக்கவிட்டார்கள். ஓட்டியவர்கள் அதே விமானப் படைச் சோதனைப் பிரிவினர். நாற்பது நிமிஷம் பறந்து பத்திரமாக இறங்கினார்கள். இடையில் கிட்டத்தட்ட ஒன்பது வருஷம்.

கடையில் வேலை செய்கிறவனுக்கும் தெரியட்டும்

2019 பிப்ரவரி 1-ஆம் தேதி அதே விமான தளத்தில் இன்னொரு விபத்து. புதுக் கருவிகள் பொருத்திச் சீரமைத்த மிராஜ் 2000 விமானத்தைப் படையிடம் ஒப்படைக்குமுன் பார்க்கும் சோதனையில், கிளம்பும்போதே அது விழுந்தது. ஸ்குவாட்ரன் லீடர்கள் சமீர் அப்ரோல், சித்தார்த்த நேகி இருவரும் இறந்தார்கள். அது போர் விமானம். ஆகவே விசாரணை விமானப் படையின் உள் விசாரணை. அத்தகைய அறிக்கைகள் முழுமையாக வெளியே வருவதில்லை.

இங்கேதான் மாற்றம் தேவைப்படுகிறது. சரஸ் சிவில் பதிவு பெற்ற விமானம் என்ற ஒரே காரணத்தால் அதன் விசாரணை முடிவு அச்சில் வந்தது. எவர் வேண்டுமானாலும் படிக்கலாம். படித்ததால் நாட்டுக்கு எந்தக் கெடுதலும் வந்துவிடவில்லை. போர் விமானத்தின் ரகசியக் கருவிகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. காரணம் இயந்திரக் கோளாறா, பராமரிப்பா, வகுத்த முறையா, ஓட்டிய விதமா என்ற அளவுக்காவது சொல்லலாம். சொல்லாவிட்டால் வதந்திதான் அறிக்கையாகிறது. அந்த வதந்தியில் முதலில் அடிபடுவது கடைசியாக ஸ்குரூ முடுக்கிய தொழிலாளி.

வெளியான அறிக்கையும் ஆங்கிலத்தில், சட்ட நடையில் இருக்கிறது. எச்.ஏ.எல். ஹாங்கரில் வேலை செய்கிற பிட்டருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும், ஐ.டி.ஐ. முடித்து வரும் அப்ரண்டிஸ் பையனுக்கும் அது போய்ச் சேர்வதில்லை. நாலு பக்கத்தில் கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, பயிற்சிப் பள்ளியில் ஒரு நாள் அதற்கென்றே வகுப்பு வைத்தால் என்ன செலவாகிவிடும்? மூன்று பேர் போன விமானத்தில் எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டார்கள் என்று பதினெட்டு வயதில் தெரிந்துகொண்ட பையன், இருபத்தைந்து வயதில் தன் சார்ஜ்மேனிடம், ‘சார், இதைக் கம்பெனிக்காரனைக் கேட்டீங்களா?’ என்று கேட்பான். கேட்டதற்காக அவனை யாரும் கோபிக்காமல் இருக்க வேண்டும்.

சரஸ் திட்டம் இப்போது பத்தொன்பது பேர் அமரும் மார்க் 2 என்ற புது வடிவத்துக்கு நகர்ந்திருக்கிறது. அது பறக்கும் நாளில் அதற்கும் வானத்தில் எஞ்சினை அணைத்து மறுபடி எரிய வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குமுன் அந்தச் சோதனையின் முறையைப் புரொப்பல்லர் கம்பெனிக்கு அனுப்பிய கடிதத்தின் நகலும், அதற்கு வந்த பதிலும், போதுமான உயரம் எத்தனை அடி என்ற குறிப்பும் கோப்பில் இருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டும். இல்லையென்றால் அட்டையில் கையெழுத்துப் போடக் கூடாது.